திருத்தணிக்குப் போன சடை

சாமிக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் தங்கள் சொந்தத் தலையை வைத்துத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் முதல் ஓட்டு என்னுடையது. என் அம்மா என் தங்கச்சியின் தலையை வைத்து வேண்டிக்கொண்டாள். அதைத் திருத்தணி முருகனைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அவள் மட்டும் ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லியிருந்தால் அந்த வாரத்தில் நான் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும்.

அப்பா பெயிண்டர். டவுனில் ஒரு லாட்ஜுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். பொங்கல் முடிந்த வாரம் அது. எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில். ஜைனர் கோயிலைப் பார்க்க வருகிற வண்டிகள் எங்கள் தெருமுனையில்தான் திருப்பிக்கொண்டு போகும். அன்று ஆம்புலன்ஸும் அங்கேதான் திரும்பியது. எங்கள் வீட்டை நோக்கி அது ரிவர்ஸிலேயே வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனதும் அம்மா படுத்தாள். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் அப்படியே கிடந்தாள். குளி என்றால் குளிப்பாள், ஊட்டினால் தின்பாள், திரும்பவும் போய் அதே இடத்தில் படுத்துக்கொள்வாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அவளைத் தூங்க வைத்தது, எழுப்பவில்லை. அதுவரைக்கும் நெசவுக்கார வீடுகளுக்கு ராட்டையில் நூலைத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டு, ராட்டைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித் தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்தவள் அவள். ராட்டை மூலையில் கிடந்தது. அதன்மேல் துணி காயப்போட ஆரம்பித்தோம்.

நான் நர்சிங் படிப்பில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதை விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். விடிவதற்கு முன் தெருமுனைக்கு வேன் வந்துவிடும். தங்கச்சி அப்போது ஏழாம் வகுப்பு. காரியத்துக்கு வந்த பெரியம்மா ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கொஞ்ச நாளைக்கு சின்னது வூட்டோட இருக்கட்டும்மா. அம்மாவ பாத்துக்க ஒரு ஆள் வாணாமா?"

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்றும் அந்த மகராசி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தங்கச்சி சோறு வடிக்கக் கற்றுக்கொண்டாள். ரசத்துக்குப் புளி கரைக்கக் கற்றுக்கொண்டாள். அம்மாவை உட்கார வைத்து முதுகு தேய்க்கக் கற்றுக்கொண்டாள். அம்மா தூங்கும்போது பக்கத்தில் குந்தி அவள் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பாள். மூச்சு வருகிறது என்று தெரிந்ததும் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பாள். இதை நான் ஒரு லீவு நாளில் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதது போல் பல் தேய்க்கப் போனேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. எட்டாம் வகுப்பு அவளுக்காகக் காத்திருந்தது. அவள் நாளைக்குப் போகிறேன் என்றாள், அடுத்த வாரம் போகிறேன் என்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பெருக்கியிருக்கும், விளக்கு ஏற்றியிருக்கும், அம்மாவுக்குத் தலை வாரியிருக்கும். பதிமூன்று வயதில் அவளுக்கு ஒரு கிழவியின் ஒழுங்கு வந்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரும். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்றே ஒன்றுதான் அவளிடம் பிள்ளைத்தனமாக மிச்சமிருந்தது. அவள் முடி. இடுப்பைத் தாண்டித் தொங்கும், கருகருவென்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, நான் பின்னிவிடுவேன். பின்னி முடித்ததும் சடையை முன்னால் இழுத்துப் போட்டு நுனியைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் மட்டும் ஏதாவது பேசுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மிஸ் வந்தார். மாகறலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண், என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளைத் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் ஒரே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்புக்கு முழநீளத்துக்கு ஒரு பெயர் உண்டு, எங்கள் வாயில் நுழையாது. பிரிட்ஜ் கோர்ஸ் என்போம். சில மாதங்கள்தான். விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, தேற்றி, பெரிய பள்ளிக்கூடத்தில் வயதுக்கேற்ற வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும். செங்கல் சூளையிலிருந்து வந்த அண்ணன் தங்கை, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, எதற்கெடுத்தாலும் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு பயல் என்று அந்த அறை நிறைந்திருந்தது.

மிஸ் என்னிடம் நேராகவே பேசினார். "இது பள்ளிக்கூடம் இல்லமா. பள்ளிக்கூடத்துக்குப் போற வழி. இங்கயே ஒரு புள்ள தங்கிடிச்சின்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

தங்கச்சி எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகச் சம்மதித்தாள். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வருவாள், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடுவாள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கு அது தெரியும். வீட்டுச் சோறுதான் அவளுக்கு இறங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் இருந்த களைப்பில் அதற்கு மேல் யோசிக்க வலுவில்லை.

மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளைத் திடீரென்று பெரிய பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட மாட்டார். கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை அங்கே அழைத்துப்போய், அவரவர் சேரப்போகிற வகுப்பில் ஒரு பீரியட் உட்கார வைப்பார். வெள்ளோட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். முதல் வெள்ளோட்டத்துக்குத் தங்கச்சி வாந்தி எடுத்துவிட்டுத்தான் போனாள். இரண்டாவது முறை போய்வந்தவள், நான் வேனிலிருந்து இறங்கி வருவதற்குள் தெருமுனைக்கே வந்து நின்றாள்.

"அக்கா, எஞ்சடைய ஸ்கேல் வச்சி அளந்து பாத்தாங்கக்கா."

"யாரு?"

"எயித் பி பொண்ணுங்க. ஒரு ஸ்கேல் பத்தல, ரெண்டு ஸ்கேல் வச்சாங்க. ஒருத்தி சொன்னா, நீ சேந்துட்டேன்னா எம் பக்கத்துல குந்து, டெய்லி நாந்தான் உனக்கு பின்னிவுடுவேன்னு."

வீட்டுக்குப் போகிறவரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் நடந்துகொண்டு நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும் என்று முடிவாயிற்று. அதே வாரம் வெள்ளிக்கிழமையோடு பிரிட்ஜ் கோர்ஸ் முடிகிறது. அறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மிஸ்ஸுக்கும் அதோடு அந்த வேலை முடிந்தது, அடுத்தது எங்கே என்று அவருக்கே தெரியாது. அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். "எப்பாடுபட்டாவது வர்ற வாரம் உள்ள உட்கார வச்சிடணும்மா. நான் இருக்கசொல்ல நடந்தாத்தான் நடந்தது. அப்பால யாரும் வூடு தேடி வந்து கூப்ட மாட்டாங்க." அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை எனக்கு ஷிப்ட். சாயங்காலம் வந்தால் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று அம்மா. நல்ல புடவை கட்டி, நெற்றியில் விபூதி இட்டு, உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பக்கத்தில் இருந்தது யார் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. மொட்டைத் தலை. அதன்மேல் சந்தனம் பூசி, காய்ந்து, வெடித்திருந்தது. என் தங்கச்சியின் காதுகள் அவ்வளவு பெரியவை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னாமா இது?"

அம்மா சிரித்தாள். "வேண்டுதல்டி. சின்னது திரும்ப பள்ளிக்கூடத்துக்குப் போச்சின்னா முடி இறக்குறேன்னு முருகனாண்ட சொல்லிக்கினு இருந்தேன். வருசம் திரும்பாம மலை ஏறக் கூடாதே, அதான் பல்ல கடிச்சிக்கினு கெடந்தேன். போன வாரம்தான் உங்கப்பாவுக்கு வருசம் திரும்பிச்சி. சாமிக்குப் பாக்கி வச்சிக்கினு பள்ளிக்கூடத்துல காலெடுத்து வைக்கலாமா?"

"ஏம்மா, பூமுடி குடுத்தாப் போதாதா? ஒரு கொத்து வெட்டிக் குடுத்தா உங்க முருகன் வாணாம்னா சொல்லுவாரு?"

"சாமியாண்ட பேரம் பேசச் சொல்றியா?"

அவள் கேட்ட விதத்தில் கள்ளமே இல்லை. பெருமையாக இருந்தாள். பெற்றவள் செய்ய வேண்டியதை ஒரு வருஷம் கழித்துச் செய்துவிட்ட நிம்மதி முகத்தில் இருந்தது. இப்படிப்பட்டவளை என்னவென்று திட்டுவது? தங்கச்சியின் பக்கம் திரும்பினேன்.

"நீ ஏன்டி போய் உட்காந்த? வாய் இல்ல உனக்கு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா எழுந்து புடவ கட்டினாங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கிருந்த கோபத்தில் அதைக் காதில் வாங்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். எங்கள் வீட்டில் தாழியை உடைத்துவிட்டுப் பொரியும் வாழைப்பழமும் பிரசாதம் கொடுத்தார்கள். நான் வாங்கிச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் சீருடையை இஸ்திரி போட்டு வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், உலுக்கினேன். அம்மா ஒரு வருஷமாகப் படுத்திருந்த அதே பாயில், அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. பிறகு போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அப்பா செத்தபோதுகூட அப்படிப் பயந்தேன் என்று சொல்ல முடியாது, அப்போது செய்ய வேலை இருந்தது. ஒரு பாய் காலியானால் இன்னொருத்தி வந்து படுத்துக்கொள்வாள், இந்த வீட்டில் யாராவது ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நான் வேனில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பேன் என்று தோன்றியது. வாசற்படியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்டேன். ஜைனர் கோயிலுக்கு வழி கேட்டு வண்டியை நிறுத்திய ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழி கேட்காமலேயே போனார்.

சாயங்காலம் மிஸ் வந்தார். தங்கச்சியின் தலையைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை, அது எனக்கு எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவர் அவளைக் கேட்கட்டும் என்று இருந்தது. பாயருகே உட்கார்ந்து, மெதுவாகப் பேசிப் பார்த்தார். முதுகுதான் பதில் சொன்னது.

செவ்வாய்க்கிழமை பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தேன். சண்டை போடத் தயாராகவே போனேன். சீருடைக்கு மேல் தலையில் துணி கட்ட விட மாட்டார்கள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். மொட்டை, துணி என்று ஆரம்பித்ததுமே அவர் மேற்கொண்டு பேச விடவில்லை. "தாராளமா கட்டிக்கினு வரட்டும்மா. முடி வளர்ற வரைக்கும் கட்டிக்கட்டும். நான் கிளாஸ்ல சொல்லி வைக்கிறேன்" என்றார். சண்டைக்குப் போனவளை நன்றி சொல்ல வைத்துவிட்டார். பச்சைத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தங்கச்சி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "துண்டு கட்டுனா மட்டும் உள்ள இருக்கறது தெரியாதா?"

புதன்கிழமை எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கோயில் வீதிப் பக்கம் ஒரு கடை இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நடன உடுப்பு வாடகைக்குத் தருவார்கள், சலங்கை, ஒட்டியாணம், சாமி அலங்காரச் சாமான்கள் எல்லாம் இருக்கும். அங்கே போய்ச் சவுரி கேட்டேன். நீளமாக, கருப்பாக, தங்கச்சியின் சடை போலவே ஒன்றை எடுத்துப் போட்டார்கள். அதைத் தடவிப் பார்த்தபோது எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சவுரியைக் கையில் வாங்கினாள். அதன் முனையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத எதுலக்கா முடியறது?"

சவுரி கட்டுவதற்கும் தலையில் கொஞ்சமாவது முடி வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று ஊரில் சொல்வார்கள், நான் நிஜமாகவே போடப் போயிருக்கிறேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அம்மாகூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தங்கச்சியின் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவள் சவுரியை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மூன்று பெண்பிள்ளைகள் இருந்த வீட்டில் யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை கம்பெனிக்குப் போனேன். இனிமேலும் போகாவிட்டால் அந்த வேலையும் இருக்காது. மெஷின் முன்னால் நின்றுகொண்டு பகல் முழுக்க நாளைக்கு வெள்ளி, நாளைக்கு வெள்ளி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வேலை செய்ய முடிகிறது, பள்ளிக்கூடம் போக மட்டும் முடியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்தது.

"எனக்கு யாராவது வேண்டிக்கினாங்களாடி?" என்று கத்தினேன். "நான் காலேஜ விட்டுட்டு வேன் ஏறினேனே, எந்த மிஸ்ஸாவது என்னைத் தேடிக்கினு வந்தாங்களா? உனக்கு சாமி, உனக்கு மிஸ்ஸு, உனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். அத்தினி பேரும் கூப்டறாங்க. முடி இல்லன்னு படுத்துக்கினு இருக்க. நாலு மாசத்துல முளைக்கிற முடி."

சொல்லும்போதே அவ்வளவும் நிஜம் என்று எனக்குத் தெரிந்தது. அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இன்றைக்கும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். "முடி முளைச்சிடும்க்கா, எனக்குத் தெரியும்" என்றாள்.

"அப்புறம் இன்னாதான்டி?"

"அந்த ஸ்கூல் தூரம்க்கா. மத்தியானம் ஓடியார முடியாது."

"சோறு அங்கயே போடறாங்களே."

"சோத்துக்கா ஓடியாந்தேன்?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "அம்மா மூச்சு விடறாங்களான்னு பாக்க வருவேன். மூக்காண்ட வெரல வச்சிப் பாத்துட்டுப் போவேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பாக்காம எப்டிக்கா கிளாஸ்ல குந்தறது? திருத்தணில முடி எடுக்கசொல்ல அம்மா சிரிச்சிக்கினு நின்னாங்க. வாணாம்னு சொல்லியிருந்தா அங்கயே படுத்துக்கினு இருப்பாங்க. எனக்கு வாணாம்னு சொல்ல வரல."

திரும்பினால் அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஏதோ அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தவள் போல. பிறகு வெளியே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. திரும்பவும் படுத்துவிடுவாளோ என்று நானும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வாரத்திலேயே நான் நம்பிக்கையை அடியோடு விட்டது அந்த நேரத்தில்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கண் விழித்தால் அம்மா குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். திருத்தணிக்குக் கட்டிய அதே புடவை. சீருடையை எடுத்துத் தங்கச்சியின் மடியில் போட்டாள்.

"மாட்டிக்கினு வா. நானும் வரேன்."

"நீ எங்கமா வர?" என்றேன் நான்.

அம்மா என்னிடம் பேசவில்லை. தங்கச்சியிடம்தான் பேசினாள். "நான் கேட்டாண்ட குந்திக்கினு இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் குந்தி இருக்கேன். உனக்கு எப்பப் பாக்கணுமோ அப்ப ஜன்னலாண்ட வந்து பாரு. நான் கைய தூக்கிக் காட்டறேன்."

தங்கச்சி சீருடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பச்சைத் துண்டை நான் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வேன் அன்றைக்கும் என்னை விட்டுவிட்டுப் போனது.

மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். கேட்டருகே மிஸ் நின்றிருந்தார், கண் சிவந்திருந்தது. அது அவருடைய கடைசி நாள். அவர் கையை நீட்ட, தங்கச்சி பிடித்துக்கொண்டாள். மைதானத்தைக் கடந்து அந்த மொட்டைத் தலை போவதை நாங்கள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தோம். வராந்தாவில் நின்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஓடிப்போய்த் திருப்பி அழைத்து வந்துவிடலாமா என்றிருந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் திரும்பி வந்தார். "உட்காந்துட்டா" என்றார்.

"யாராவது சிரிச்சாங்களா மிஸ்?"

"சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"டீச்சர் பாடத்த ஆரம்பிச்சிட்டாங்க."

அவருக்கு மற்ற பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருந்தது, கிளம்பினார். அம்மா மதிற்சுவரின் நிழலில் தரையில் உட்கார்ந்தாள். வாட்ச்மேன் வந்து இங்கே உட்காரக் கூடாது என்றார். அம்மா அவரைப் பார்த்து, "எம் பொண்ணு உள்ள படிக்குது" என்றாள். அந்தக் குரலை நான் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்டதில்லை. ராட்டைச் சத்தத்துக்கு மேல் பேசுகிற குரல். அவர் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார், அம்மா அதில் உட்காரவில்லை.

முதல் மணி அடித்ததும் ஜன்னலில் அந்தத் தலை தெரிந்தது. அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். தலை மறைந்தது. அடுத்த மணிக்கும் வந்தது, அதற்கடுத்த மணிக்கும் வந்தது. மதியம் சாப்பாட்டு மணிக்குக் கேட்டுக்கே ஓடி வந்தாள். கம்பிக்குள் கையை நுழைத்து அம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். நான் பக்கத்தில் இருக்கும்போது அதைச் செய்ய அவள் கூச்சப்படவில்லை, அம்மாவும் முகத்தை நகர்த்தவில்லை. "போ, சோறு ஆறிடும்" என்றாள். அவள் ஓடினாள். அம்மாவை எதையாவது சாப்பிட வைக்கப் பார்த்தேன். தான் தின்னப் போகிற நேரத்தில் சின்னது எட்டிப் பார்த்துவிடும் என்று சொல்லிவிட்டாள்.

மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை தலை தெரிந்தது. பிறகு ஒரு மணி அடித்தது, ஜன்னல் காலியாக இருந்தது. அம்மா கையைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த மணியும் அடித்தது. வரவில்லை.

"இன்னாடி, எட்டிப் பாக்கவே இல்லியே. போய்ப் பாரேன். யாராவது எதுனா சொல்லிட்டாங்களா?"

வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனேன். வகுப்பில் இல்லாமல் எங்காவது மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள், அல்லது பின்வாசல் வழியாக வீட்டுக்கே ஓடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வராந்தாவில் நடந்தேன். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். சடையை அளந்த பெண் எவள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பக்கத்தில் ஒருத்தி ஒட்டி உட்கார்ந்திருந்தாள். போர்டில் கணக்கு. என் தங்கச்சி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள், பென்சிலைக் கடித்தாள். நான் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அங்கே நிற்க ஆசையாக இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். "கணக்குப் போட்டுக்கினு இருக்கா."

"அப்ப ஏன் எட்டிப் பாக்கல?"

"மறந்துட்டாமா."

அம்மா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்து நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு கையை ஊன்றி எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அப்ப நான் கெளம்பறேன். அது வரசொல்ல பசியோட வரும். நான் போயி உலை வைக்கிறேன்."

அப்பா போன பிறகு அம்மா அடுப்பு பற்ற வைத்ததே இல்லை. தனியாகப் போய்விடுவாயா என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கேட்டருகே உட்கார்ந்துகொண்டேன். தங்கச்சிக்கு நினைவு வந்து எட்டிப் பார்த்தால் அங்கே யாராவது இருக்க வேண்டுமே.